சராசரி சரிவு வெறும் 1.3%. அப்புறம் ஏன் எல்லாரும் இறங்கித் தள்ளுகிறார்கள்? எரிமலைப் பாறை மேல் மவுன்டன் பைக்: ஒரு விளக்கம்

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் மெக்கன்சி ரிவர் டிரெயில் என்று ஒரு காட்டுப் பாதை இருக்கிறது. நீளம் சுமார் 42 கி.மீ. மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கு வந்தால் ஏறத்தாழ 550 மீட்டர் இறங்கியிருப்பீர்கள். கணக்குப் போட்டால் சராசரி சரிவு 1.3%. சக்கர நாற்காலிக்காகக் கட்டிடங்களில் போடும் சாய்தளம் 12-க்கு 1 என்ற அளவில் இருக்கும், அதாவது 8.3%. அதில் ஆறில் ஒரு பங்குகூட இந்தப் பாதைக்கு வராது.

இந்த எண்ணை மட்டும் பார்த்தால், "ஆத்தங்கரையோரம் ஜாலியா உருட்டிக்கிட்டே வந்துடலாம்" என்றுதான் தோன்றும். ஆனால் நல்ல அனுபவம் உள்ளவர்களே இதன் மேல் பாதியில் சில இடங்களில் இறங்கி, பைக்கைத் தள்ளிக்கொண்டோ தோளில் தூக்கிக்கொண்டோ போகிறார்கள். காரணம் சரிவு இல்லை. தரை. அந்தத் தரை ஒரு காலத்தில் ஓடிய எரிமலைக் குழம்பு.

போர்ட்லாண்ட், ஹில்ஸ்போரோ பக்கம் சிப் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் கணிசம். லாங் வீக்கெண்டுக்கு மூன்று மணி நேர டிரைவில் இருக்கும் இடம் என்பதால் நண்பர்கள் யாராவது "வர்றியா?" என்று கேட்க நிறையவே வாய்ப்பு உண்டு. சரி என்று சொல்வதற்கு முன் அந்த 1.3% எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

எங்கே இருக்கு, எப்படிப் போகுது?

கேஸ்கேட் மலைத்தொடரின் மேற்குச் சரிவில், வில்லாமெட் தேசிய வனத்துக்குள் இருக்கிறது. அருகில் உள்ள பெரிய ஊர் யூஜீன். அங்கிருந்து கிழக்கே சுமார் 80 கி.மீ. போனால் மெக்கன்சி பிரிட்ஜ் என்ற சிற்றூர். பாதையின் கீழ் முனை அந்தப் பக்கம்தான். மேல் முனை கிளியர் லேக் என்ற ஏரிக்குச் சற்று வடக்கே.

126-ம் எண் நெடுஞ்சாலை பெரும்பாலும் பக்கத்திலேயே வருவதால் வழியில் பல இடங்களில் ஏறிக்கொள்ளலாம், இறங்கிக்கொள்ளலாம். சீசனில் ஆளையும் பைக்கையும் மேலே கொண்டுபோய் விடும் ஷட்டில் வேன்கள் ஓடும். அதனால் பெரும்பாலானவர்கள் மேலிருந்து கீழே வருகிறார்கள். சர்வதேச மவுன்டன் பைசிக்கிளிங் சங்கம் 'எபிக்ஸ்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நீளமும் இயற்கையும் சவாலும் ஒருசேர அமைந்த பாதைகளுக்கு அதில் இடம். மெக்கன்சி அதில் உண்டு. பேர் பரவ அதுவும் ஒரு காரணம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் கரடுமுரடான பகுதிதான் முதலில் வரும். கிளியர் லேக், இரண்டு அருவிகள், கார்மென் நீர்த்தேக்கம், அப்புறம் 'ப்ளூ பூல்' என்கிற டமோலிச் குளம். இவ்வளவும் முடிந்து டிரெயில் பிரிட்ஜ் நீர்த்தேக்கத்தைத் தாண்டிய பிறகுதான், ஊசியிலைச் சருகு பரவிய மெத்தென்ற மண் பாதை. உடம்பு ஃபிரெஷ்ஷாக இருக்கும்போதே கஷ்டம் முடிந்துவிடுவது நல்லதுதான். ஆனால் வார்ம்-அப் ஆவதற்குள் பாறை வந்துவிடும். புதிதாகப் போகிறவர்கள் டிரெயில் பிரிட்ஜ் அருகே தொடங்கி கீழ்ப் பாதியை மட்டும் ஓட்டலாம். தூரத்தில் அதுவே பாதிக்கு மேல் வரும். அழகில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

இந்தப் பாறை எங்கிருந்து வந்தது?

கிழக்கே மலைமுகட்டை ஒட்டி எரிமலைக் கூம்புகள் வரிசையாக நிற்கின்றன. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் சேண்ட் மவுன்டன் பகுதியிலிருந்து கிளம்பிய எரிமலைக் குழம்பு மேற்கே இறங்கி மெக்கன்சி ஆற்றை மறித்தது. அணை கட்டியது போல் தண்ணீர் தேங்கி உருவானதுதான் கிளியர் லேக். தேங்கிய தண்ணீருக்குள் அப்போதிருந்த காடும் மூழ்கியது. ஆண்டு முழுக்க உறையாத குறையாகக் குளிர்ந்திருக்கும் நீர் என்பதால் அந்த மரங்கள் அழுகவில்லை. இன்றைக்கும் ஏரியின் அடியில் நின்றபடியே இருக்கின்றன. தண்ணீர் அவ்வளவு தெளிவு என்பதால் படகிலிருந்து பார்த்தாலே தெரியும். 3,000 வருஷம் என்றால் நம் கணக்கில் சங்க காலத்துக்கும் முந்தியது.

அதன் பிறகும் எரிமலைகள் ஓயவில்லை. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் பெல்க்நாப் என்ற எரிமலையிலிருந்து வந்த குழம்பு இன்னும் கீழே ஆற்றுப் பள்ளத்தை மூடியது. அங்கே ஆறு பாறைக்கு அடியில் நுழைந்து, மறைந்து, டமோலிச் குளத்தில் மறுபடி ஊற்றாக வெளிவருகிறது. பள்ளத்தாக்கின் மேல் பகுதி வறண்டு கிடப்பதில் மனிதக் கைக்கும் பங்கு உண்டு. 1963-ல் முடிந்த கார்மென்-ஸ்மித் நீர்மின் திட்டம் கார்மென் நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரைச் சுரங்கம் வழியாக வேறு நீர்த்தேக்கத்துக்குத் திருப்புகிறது.

புவியியல் ரீதியாகப் பார்த்தால் 1,500 ஆண்டு, 3,000 ஆண்டு எல்லாம் நேற்று நடந்தது மாதிரி. டிரெயிலின் குணத்தை முடிவு செய்வதே இந்த 'வயது'தான். மெதுவாக, கெட்டியாக நகரும் எரிமலைக் குழம்பின் மேல் ஓடு குளிர்ந்து உடைந்து, உள்ளே இருப்பது நகர நகரத் துண்டு துண்டாகப் புரளும். ஹவாய் மொழியில் இந்த வகைக்கு 'ஆ-ஆ' என்று பெயர். வெறுங்காலில் நடந்தால் வாயிலிருந்து வரும் சத்தம் மாதிரியே இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். உள்ளே இருந்த வாயு வெளியேறிய இடமெல்லாம் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பும் உடைந்த கண்ணாடி போல. மழையும் பனியும் அதை மழுக்கப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும்.

ஒப்பிட நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சஹ்யாத்ரி மலைகளும் எரிமலைக் குழம்பால் ஆனவைதான், தக்காணப் பீடபூமியின் பெரும் பகுதியும் அப்படித்தான். ஆனால் அது சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழசு. இவ்வளவு காலத்தில் மேல்பகுதி நைந்து பருத்தி விளையும் கரிசல் மண்ணாகிவிட்டது, மிச்சம் படிப்படியான பாறையாக நிற்கிறது. அங்கே பைக் ஓட்டுவதற்கும் மெக்கன்சியில் ஓட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை. நீலகிரி, ஏற்காடு பக்கமெல்லாம் சார்னோகைட் போன்ற உருமாறிய பாறைகள், எரிமலைக் கதையே கிடையாது. ஆக, "ஊட்டியில ஓட்டின அனுபவம் இருக்கு" என்பது உடம்புக்கு உதவும், டயருக்கு உதவாது.

பாறை மட்டுமே பிரச்சினை என்றும் சொல்லிவிட முடியாது. மேலே டக்ளஸ் ஃபிர், சிவப்பு சிடார் என்று நூற்றாண்டுகள் கண்ட மரங்கள். கீழே பாறை என்பதால் வேர் ஆழமாக இறங்க வழியில்லை. பக்கவாட்டில், பாறைக்கு மேலேயே, விரல் மாதிரி பரவிக் கிடக்கும். எல்லாவற்றையும் பாசி மூடியிருக்கும். பாசிக்கு அடியில் இருப்பது தட்டையா, குழியா, கத்தி முனையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. மழை பெய்தால் பாறைகூடப் பிடிமானம் தரும், அதன் மேற்பரப்பு சொரசொரப்பு. வழுக்குவது வேர்தான்.

ஆப் ஏன் இதைக் காட்டுவதில்லை?

டேட்டாவோடு தினமும் புழங்கும் எனக்கு இந்த டிரெயிலில் பிடித்த பகுதி இதுதான். ரைடிங் ஆப்கள் மூன்று எண்களைக் காட்டும்: தூரம், மொத்த ஏற்றம், சரிவு. ஏற்றமும் சரிவும் வருவது உயர வரைபடத்திலிருந்து. பல ஆப்கள் பயன்படுத்தும் வரைபடங்களில் தரை 10 மீட்டர் அல்லது 30 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரே ஓர் உயரம். 30 மீட்டர் கட்டம் என்றால் 900 சதுர மீட்டர், மூன்று நான்கு வீட்டு மனை அளவு. அதற்குள் முழங்கால் உயரப் பாறை நூறு இருந்தாலும் வரைபடத்துக்கு அது ஒரே புள்ளி. எண் பொய் சொல்லவில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்குக் கொஞ்சமாவது பதில் தருவது அமெரிக்காவில் புழக்கத்தில் இருக்கும் நிறக் குறியீடு. பனிச்சறுக்கு மைதானங்களிலிருந்து எடுத்தது: பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம். அகலம், சரிவு, தரை ஆகியவற்றோடு தவிர்க்க முடியாத தடையின் உயரத்தையும் இது கணக்கில் எடுக்கும். பச்சையில் 5 செ.மீ. வரை, நீலத்தில் 20 செ.மீ. வரை, கறுப்பில் 38 செ.மீ. வரை. நம் ஊர் நடைபாதை விளிம்பு 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று வழிகாட்டுதல் இருக்கிறது (சென்னை, பெங்களூருவில் நடந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்). கறுப்புப் பாதை என்றால் அதுபோல் இரண்டரை விளிம்பை ஒரே தாவலில் ஏற வேண்டிவரலாம் என்று அர்த்தம்.

ஆனால் 42 கி.மீ. பாதைக்கு ஒரே நிறம் கொடுத்தால் அதுவும் இன்னொரு சராசரிதான். கீழ்ப் பாதியை ஓட்டியவர் "ரொம்ப ஈஸி" என்பார், ப்ளூ பூல் பக்கம் மட்டும் போனவர் "கொலைவெறி" என்பார். இரண்டும் உண்மை. நம்பத் தகுந்த எண் ஒன்று வேண்டுமென்றால் நேரத்தைக் கேளுங்கள். பழகியவர்களே முழுப் பாதைக்கு 4 முதல் 6 மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். கிட்டத்தட்ட இறக்கமான ஒரு பாதையில் மணிக்கு 7 முதல் 10 கி.மீ. தரை எப்படி என்று அந்த வேகமே சொல்லிவிடும்.

பாறை மேல் பைக்குக்கு என்ன ஆகுது?

முதலில் அடிபடுவது டயர். டியூப் உள்ள டயர் பாறை முனையில் மோதினால், பாறைக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை விழும். பாம்பு கடித்த தடம் போல இருப்பதால் 'ஸ்நேக் பைட்' என்றே பெயர். அதனால்தான் மவுன்டன் பைக்கில் பெரும்பாலும் டியூப்லெஸ். உள்ளே சீலன்ட் என்ற திரவம் இருக்கும், சில மில்லிமீட்டர் ஓட்டையை அதுவே அடைத்துவிடும். ஆனால் எரிமலைப் பாறை குத்துவதைவிட அதிகம் செய்வது கிழிப்பது, அதுவும் டயரின் பக்கச் சுவரில். அதற்கு சீலன்ட் போதாது. பிளக் கிட், ஓர் உபரி டியூப், காற்றடிக்கும் பம்ப், இவை மூன்றும் இல்லாமல் கிளம்புவது நீண்ட நடைப்பயணத்துக்கு டிக்கெட் எடுத்த மாதிரி.

காற்றழுத்தம் எவ்வளவு என்பதில் இரண்டு பக்கமும் இழுபறி. குறைத்தால் டயர் பாறை மேல் படிந்து பிடிக்கும், ஆனால் ரிம் அடிபடும். கூட்டினால் ரிம் தப்பிக்கும், ஆனால் பைக் பந்து மாதிரித் துள்ளும். சுமார் 70 கிலோ எடையுள்ளவர் 2.3 முதல் 2.5 அங்குல டியூப்லெஸ் டயரில் பொதுவாக 22 முதல் 28 பிஎஸ்ஐ வைப்பார். கார் டயரில் இருப்பதைவிடக் குறைவு. இங்கே அந்த வரம்பின் மேல் பக்கத்தில் வைப்பதே பாதுகாப்பு.

அடுத்தது பெடல். மிதிக்கும்போது கீழே வரும் பெடல் பாறையில் இடித்தால் பைக் அங்கேயே நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போவார். பாறைப் பகுதியில் முழுச் சுற்று மிதிக்காமல், பெடலைப் பாதி முன்னே மிதித்து, பின்னே எடுத்து, மறுபடி பாதி மிதிப்பார்கள். மற்ற நேரத்தில் இரண்டு பெடலும் தரைக்கு இணையாக, ஆள் சீட்டிலிருந்து எழுந்து, முழங்காலும் முழங்கையும் மடங்கி. எடை காலில் இருக்க வேண்டும், கையில் இருக்கக் கூடாது.

புதியவர்கள் பெரும்பாலும் தப்புச் செய்வது வேகத்தில். அதிக வேகம் இல்லை, குறைந்த வேகம். பயத்தில் பிரேக் பிடித்து ஊர்ந்தால் முன் சக்கரம் இரண்டு பாறைக்கு நடுவே உள்ள இடுக்கில் இறங்கி நிற்கும். பின்னால் இருக்கும் எடை முழுக்க ஹேண்டில்பாருக்கு மேலே போகும். ஓரளவு வேகம் இருந்தால் அதே சக்கரம் இடுக்கைத் தாண்டி உருண்டுவிடும். எனவே பிரேக்கைப் பாறைக்கு முன்பே பிடித்து, பாறை மேல் விட்டுவிட வேண்டும். கண் முன் சக்கரத்தில் இல்லாமல் ஐந்தாறு மீட்டர் தள்ளி, போக வேண்டிய வழியில் இருக்க வேண்டும். பார்க்கும் பாறையில்தான் போய் மோதுவோம் என்பது இரு சக்கர வாகனம் ஓட்டும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

இதெல்லாம் படித்து வருவதில்லை. அதனால் சந்தேகம் வந்த இடத்தில் இறங்கி நடப்பதே முறை. மெக்கன்சியில் தள்ளிக்கொண்டு போவதை யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. கையுறை, முழங்கால் பேட் இல்லாமல் மட்டும் போகாதீர்கள். மண்ணில் விழுந்தால் சிராய்ப்பு. இந்தப் பாறையில் விழுந்தால் தோல் சீவியது போல் வரும், காயத்துக்குள் மணல் மாதிரி பாறைத் துகளும் இருக்கும். அங்கேயே சுத்தமான தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

ப்ளூ பூல்: படத்தில் பார்ப்பதும் நேரில் இருப்பதும்

இன்ஸ்டாகிராமில் இந்தப் பாதையைப் பிரபலமாக்கியது டமோலிச் குளம். பழைய வணிக மொழியான சினூக் ஜார்கனில் டமோலிச் என்றால் வாளி அல்லது தொட்டி. சுற்றிலும் பாறைச் சுவர், நடுவில் நம்ப முடியாத நீலம். டிரெயில் பிரிட்ஜ் பக்கமிருந்து நடந்தால் சுமார் 3 கி.மீ.தான் என்பதால் கோடை வார இறுதியில் கூட்டம் அள்ளும்.

இங்கே இரண்டு ஆபத்துகள் சந்திக்கின்றன. கடைசி ஒரு கி.மீ. சொச்சம் டிரெயிலின் மிக மோசமான பாறைப் பகுதிகளில் ஒன்று. அதே இடத்தில்தான் குழந்தைகளோடும் நாய்களோடும் நடப்பவர்கள் எதிரே வருவார்கள். விதிப்படி சைக்கிள் ஓட்டுபவர்தான் நடப்பவருக்கு வழிவிட வேண்டும், குதிரை வந்தால் இருவருமே. "நான் ஃப்ளோல வர்றேன்" என்பது காரணம் ஆகாது. முடிந்தால் வார நாளில், காலையில் சீக்கிரம் கடந்துவிடுங்கள்.

இரண்டாவது ஆபத்து தண்ணீர். பாறைக்கு அடியிலிருந்து வரும் ஊற்று நீர் என்பதால் ஆகஸ்டிலும் சுமார் 3 முதல் 5 டிகிரி செல்சியஸ்தான். ஃபிரிட்ஜ் தண்ணீர் அளவு. வியர்த்த உடம்போடு இறங்கினால் மூச்சு தன்னிச்சையாக இழுத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் தண்ணீர் போகும். கை கால் சில நிமிடங்களில் மரத்துப்போகும். தெளிவான நீரில் ஆழமும் தெரியாது. பாறை மேலிருந்து குதித்து இறந்தவர்களும் படுகாயம் அடைந்தவர்களும் இருக்கிறார்கள். மீட்புக் குழு அதே பாறைப் பாதையில் நடந்துதான் வர வேண்டும், ஸ்டிரெச்சரையும் அதே வழியில்தான் தூக்கிப் போக வேண்டும். பல இடங்களில் மொபைல் சிக்னல் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி யூஜீன் பக்கம்தான்.

விசிட்டர் விசாவில் போகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பல டிராவல் இன்சூரன்ஸ் பாலிசிகள் அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸை விலக்கி வைத்திருக்கும். மவுன்டன் பைக்கிங் அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது உத்தமம்.

இ-பைக் கொண்டுபோகலாமா?

இந்தப் பாதையில் கூடாது. அமெரிக்க வனத்துறையின் நிலங்களில் இ-பைக் மோட்டார் வாகனமாகவே கருதப்படுகிறது. மோட்டார் அனுமதி இல்லாத பாதைகளில், தனியாக அறிவித்தால் ஒழிய, அதற்கு இடமில்லை. வாடகைக் கடையில் கிடைக்கிறது என்பதற்காக எடுத்துப் போய்விடாதீர்கள்.

சாதாரண சைக்கிளுக்கும் எல்லா இடத்திலும் அனுமதி கிடையாது. இந்தப் பாறைகளில் பாதியை அனுப்பிவைத்த பெல்க்நாப் எரிமலை, கிழக்கே மவுன்ட் வாஷிங்டன் வனாந்தரப் பகுதிக்குள் இருக்கிறது. 1964-ன் வனாந்தரச் சட்டம் இயந்திரப் போக்குவரத்தைத் தடை செய்கிறது, சைக்கிளும் அதில் சேரும் என்பதே வனத்துறையின் விதி. அங்கே சைக்கிளில் போக முடியாது. சஹாலி, கூசா என்ற இரண்டு அருவிகளிலும் ஆற்றின் மேற்குக் கரைப் பாதைதான் சைக்கிளுக்கு. சஹாலி சுமார் 100 அடி, கூசா சுமார் 70 அடி. இங்கே மட்டும் பைக்கைச் சாய்த்து வைத்துவிட்டு நின்று பாருங்கள். அவசரப்பட ஒன்றுமில்லை.

எப்போது போகலாம்?

குளிர்காலத்தில் மேல் பகுதியில் பனி கிடக்கும். வசந்தத்தின் பின்பகுதியிலிருந்து அக்டோபர் வரைதான் சீசன். ஆனால் அதன் பிற்பாதி இப்போது காட்டுத்தீ சீசனும்கூட. 2020 செப்டம்பரில் ஹாலிடே ஃபார்ம் தீ இந்தப் பள்ளத்தாக்கின் கீழ்ப் பகுதியில் சுமார் 1.73 லட்சம் ஏக்கரை எரித்தது, ப்ளூ ரிவர் என்ற ஊர் கிட்டத்தட்ட அழிந்தது. 2023 ஆகஸ்டில் மின்னல் தாக்கித் தொடங்கிய லுக்அவுட் தீ மெக்கன்சி பிரிட்ஜ் அருகே 25 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரவியது. தீ அணைந்த பிறகும் கருகிய மரங்கள் காற்றில் விழும், மழையில் மண் சரியும். அதனால் பாதைகள் திடீரென மூடப்படலாம்.

எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எங்கே மரம் விழுந்து கிடக்கிறது என்பதை மெக்கன்சி பிரிட்ஜில் உள்ள ரேஞ்சர் நிலையத்தில் கேட்கலாம். கீழ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஷட்டில் ஏறுவதற்கு முன் அங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள், மேலே போன பிறகு விசாரிக்க போனில் சிக்னல் இருக்காது.